குறைந்த செலவில் கிட்டார் ஆம்ப் மாடலர் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் வாங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை மூன்று வாரம் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டேன். தேனாக இருந்தது. அந்தத் தெம்பில் ஒத்திகைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்த கிட்டார் ஆம்பின் முன்பக்க ஜாக்கில் சொருகினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிறவன் குரல்போல வந்தது. டிரம்ஸ் ஆரம்பித்ததும் நான் வாசிக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. "மலிவா வாங்கினா இப்படித்தான்" என்றார் பேஸ் வாசிக்கும் நண்பர். நானும் நம்பிவிட்டேன்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. கிட்டார் ஸ்பீக்கரின் சாயலை அது தானே சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒலியை நிஜ கிட்டார் ஸ்பீக்கர் மறுபடி ஒரு தடவை வடிகட்டியது. செட்டிங்கில் ஒன்றே ஒன்றை அணைத்திருந்தால் சரியாகியிருக்கும். அது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

அதனால் எந்த மாடல் நல்லது என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். ஒலி கடைசியில் எதன் வழியாக வெளியே வரப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கடையில் இருக்கும் பெட்டிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

நிஜ ஆம்பில் மூன்று பகுதிகள் உண்டு. தொனியைத் தீர்மானிக்கும் பிரீஆம்ப், சத்தத்தைக் கூட்டும் பவர் ஆம்ப், காற்றை அசைக்கும் ஸ்பீக்கர் கேபினெட். ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டுப் பழகியது இந்த மூன்றோடு, கேபினெட்டின் முன்னால் வைத்த மைக்கையும் சேர்த்துத்தான். இத்தனையையும் கணக்காக மாற்றி ஒரு சிப்புக்குள் ஓட்டுவது மாடலர். அதற்கு முன்னும் பின்னும் வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று எஃபெக்ட்களை அடுக்கினால் மல்டி எஃபெக்ட்ஸ். இப்போது விற்பனையில் உள்ள பெரும்பாலான பெட்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

1998-ல் லைன் 6 நிறுவனம் அவரைவிதை வடிவத்தில், சிவப்பு நிறத்தில் பாட் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வீட்டில் வாசிப்பவர்களிடம் மாடலிங் பரவலானது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு அதன் உள்ளே இருந்ததைவிடப் பல மடங்கு வேகமான சிப் இன்று ஆரம்பநிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஆகவே குறைந்த விலைப் பெட்டி என்றாலே மட்டமான ஒலி என்ற பழைய பயம் இனித் தேவையில்லை. விலை குறையும்போது முதலில் குறைவது ஸ்விட்சுகள், சாக்கெட்டுகள், திரை, உறை ஆகியவைதான்.

இன்னொரு பிரிவும் இருக்கிறது: கேப்சர். மாடலிங் என்பது ஆம்பின் சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிடுவது. கேப்சர் என்பது ஓர் ஆம்பை ஒரு குறிப்பிட்ட செட்டிங்கில் வைத்து, அந்த நிலையை மட்டும் அப்படியே பிடித்து வைப்பது. கெம்பர் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த முறை, ஐகே மல்டிமீடியாவின் டோனெக்ஸ், இலவசத் திறமூல மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலர் ஆகியவற்றின் வழியாக மலிவான பெடல்கள் வரை வந்துவிட்டது. கேப்சர் புகைப்படம் மாதிரி. மிக அச்சு அசலாக இருக்கும், ஆனால் டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழைத் திருகினால் அந்த ஆம்ப் உண்மையில் எப்படி மாறுமோ அப்படி மாறாது. ஆம்பின் குமிழ்கள் என்ன செய்யும் என்று இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு நான் மாடலிங்கையே சொல்வேன். தனக்கு என்ன ஒலி வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கேப்சர் சுகம்.

முதல் படி: ஒலி எங்கே வெளியே வருகிறது?

ஹெட்ஃபோனில் மட்டும் என்றால் உங்கள் வேலை சுலபம். கேபினெட் சிமுலேஷன், சுருக்கமாகக் கேப் சிம், கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத டிஸ்டார்ஷனைக் ஹெட்ஃபோனில் கேட்டால் குளவி கொட்டுவது மாதிரி இருக்கும். ஏனென்றால் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டியதும் மேல் அலைகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், ஹெட்ஃபோன் விழுங்காது. புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். தந்தியை மீட்டியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி நன்றாகவே தெரியும். பெட்டியின் விளம்பரத்தில் புளூடூத் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் போனிலிருந்து பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிப்பதற்குத்தான்.

கணினியில் பதிவு செய்வது முக்கியம் என்றால் யூஎஸ்பி சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. சில பெட்டிகளில் அது பிரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மாற்றவும் ஃபிர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) புதுப்பிக்கவும் மட்டுமே. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃபெக்ட் சேராத சுத்தமான கிட்டார் சிக்னலையும் தனிச் சேனலில் அனுப்பினால் இன்னும் நல்லது. நன்றாக வாசித்துவிட்டு, பிறகு தொனி பிடிக்கவில்லை என்றால் வாசிப்பைத் தொடாமல் ஆம்பை மட்டும் மாற்றலாம். அப்புறம், மடிக்கணினியோடு இணைத்ததும் ஙொய் என்று ஓர் இரைச்சல் கிளம்பினால் பெட்டியைத் திட்டாதீர்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல சமயம் நின்றுவிடும்.

ஏற்கெனவே வைத்திருக்கும் கிட்டார் ஆம்பில் இணைக்கப்போகிறீர்கள் என்றால், என் கதை உங்களுக்குத்தான். இதில் இரண்டு வழி. முன்பக்க இன்புட்டில் சொருகினால் ஆம்ப் சிம், கேப் சிம் இரண்டையும் அணைத்துவிட்டு எஃபெக்ட்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஆம்பின் பின்னால் ரிட்டர்ன் ஜாக் இருந்தால் அதில் சொருகலாம். அப்போது ஆம்பின் பிரீஆம்ப் விலகிக்கொள்ளும், பெட்டியின் ஆம்ப் சிம் அந்த வேலையைச் செய்யும், கேப் சிம் மட்டும் அணைந்திருக்க வேண்டும். இந்தத் தேர்வை எல்லா பிரீசெட்டுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பிரீசெட்டாகத் திறந்து அணைப்பது தண்டனை.

ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷன் உங்களுக்குப் பிடிக்கும், டிலேயும் ரிவெர்பும் மட்டும் அதற்குப் பின்னால் வர வேண்டும் என்றால் நான்கு கேபிள் முறை தேவை: பெட்டியின் ஒரு பகுதி ஆம்பின் பிரீஆம்புக்கு முன்னாலும் மறு பகுதி அதற்குப் பின்னாலும் வரும்படி நான்கு கேபிளால் இணைப்பது. அதற்குப் பெட்டியிலும் சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் சென்ட், ரிட்டர்ன் சாக்கெட்டுகள் இருக்க வேண்டும். மிகச் சிறிய பெட்டிகளில் இவை இருப்பதில்லை.

கடைசியாக, மேடை. அரங்கத்தின் ஒலிபெருக்கிகளுக்கு மிக்ஸர் வழியாகப் போவதென்றால் கேப் சிம் இயங்க வேண்டும், ஸ்டீரியோ வெளியீடு இருந்தால் வசதி. மைக் கேபிள் சொருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இல்லை என்றால், சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீளமான சாதாரண கிட்டார் கேபிள் இரைச்சலை வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகும். மேடையில் உங்கள் காதுக்கு எதிலிருந்து கேட்கும் என்பதையும் யோசியுங்கள். எஃப்ஆர்எஃப்ஆர் எனப்படும் சமச்சீர் ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தால் அதுவும் பட்ஜெட்டில் வரும். மொத்தக் காசையும் பெட்டியில் கொட்டிவிட்டு, அதைக் கேட்க ஸ்பீக்கர் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த ஸ்பீக்கருமே இல்லாமல், வீட்டில் ஓர் அறையில் வாசிக்க மட்டும் தேடுகிறவர் பாஸ் கட்டானா போன்ற மாடலிங் ஆம்பையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். தரையில் ஒரு பெட்டி, அதற்கொரு ஸ்பீக்கர், இரண்டுக்கும் கேபிள் என்று அலைவதைவிட ஒரே பொருளாக முடிந்துவிடும்.

இரண்டாம் படி: நீங்கள் வாசிக்கும் பத்துப் பாட்டு

ஒரு தாளில் இப்போது உண்மையாகவே வாசிக்கும் பத்துப் பாட்டை எழுதுங்கள். வாசிக்க ஆசைப்படுவதை அல்ல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்ன ஒலி தேவை என்று குறியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான்கில் அடங்கிவிடும்: ஒரு கிளீன், லேசாகக் கரகரக்கும் ஒரு கிரஞ்ச், கனமான ஒரு ரிதம், சோலோவுக்குச் சற்று உரத்த ஒரு லீட். இவற்றோடு டிலே, ரிவெர்ப், கோரஸ் மாதிரி ஏதாவது ஒரு மாடுலேஷன்.

300 எஃபெக்ட் என்று பெட்டியின் அட்டையில் போட்டிருந்தால் மயங்காமல் இருக்க இந்தத் தாள் உதவும். கனமான ஒலி வேண்டும் என்பவர் அந்த வகையில் உள்ள ஓரிரு ஆம்ப் மாடல்களை மட்டும் கேட்டு முடிவெடுத்தால் போதும்.

மூன்றாம் படி: விவரத் தாளை எப்படிப் படிப்பது

எத்தனை மாடல் இருக்கிறது என்பதைத் தாண்டிப் போங்கள். ஒரே நேரத்தில் எத்தனை இயங்கும், எந்த வரிசையில் வைக்கலாம் என்று பாருங்கள். ஸூம் ஜி1 ஃபோர் ஒரே சமயத்தில் ஐந்து எஃபெக்டுகளை ஓட்டும். ஆம்ப், கேபினெட் ஆகியவையும் அந்த ஐந்துக்குள் இடம் பிடிக்கும் என்பதால் கணக்குப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். லைன் 6 பாட் கோவில் ஆம்ப், கேப், வா, ஈக்யூ (தொனிகளைக் கூட்டிக் குறைப்பது) போன்றவற்றுக்கு நிரந்தர இடம் உண்டு. அவை போக நான்கு இடங்களில் நமக்குப் பிடித்ததை வைக்கலாம். உங்கள் தாளில் இருக்கும் மிகச் சிக்கலான பாட்டுக்கு எத்தனை தேவை என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இதுவரை ஆறுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஐஆர் ஏற்றும் வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐஆர் என்பது ஒரு கேபினெட்டும் அதன் முன்னால் இருந்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பதிந்த சிறிய வேவ் கோப்பு. நிஜ கேபினெட் முன்னால் மைக் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்பீக்கரின் நடுவில் கூர்மையாக இருக்கும் ஒலி, மைக்கை இரண்டு சென்டிமீட்டர் ஓரமாக நகர்த்தினால் மங்கித் தணிந்துவிடும். அதே கூத்துதான் ஐஆரிலும். ஆம்ப் மாடலை மாற்றி மாற்றிச் சலித்துப்போன ஒரு பிரீசெட், நல்ல ஐஆர் ஒன்றைப் போட்டதும் உயிர் பெற்றுவிடும். பழைய பெட்டிக்குப் புது ஆயுள் கொடுக்கும் மலிவான வழி இது. எத்தனை சாம்பிள் நீளம் ஏற்கும் என்றும் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் சுமார் 21 மில்லி விநாடி. மைக்கைக் கேபினெட்டுக்கு நெருக்கமாக வைத்துப் பிடித்த ஐஆருக்கு அது பெரும்பாலும் போதும். 2048 இருந்தால் அடித்தொனி இன்னும் கொஞ்சம் துல்லியமாக இருக்கும்.

லேட்டன்சி, அதாவது ஒலி வந்து சேரும் தாமதம் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறவர் தினமும் 6 மில்லி விநாடி தாமதத்தோடுதான் வாசிக்கிறார். நல்ல மாடலரின் தாமதம் அதைத் தாண்டாது. ஆனால் வயர்லெஸ் கருவி, மாடலர், டிஜிட்டல் மிக்ஸர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போது கூட்டுத்தொகை விரலில் உறைக்கும்.

சாம்பிள் வேகம் 44.1 கிலோஹெர்ட்ஸா 48-ஆ, 24 பிட்டா 32 பிட்டா என்ற சண்டையில் நேரத்தை விடாதீர்கள்.

நான்காம் படி: காலுக்கு வேலை வைக்கும் இடம்

வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். நின்று வாசிப்பவர் கவனியுங்கள். இரண்டே ஸ்விட்ச் உள்ள பெட்டியில் முதல் பிரீசெட்டிலிருந்து நான்காவதற்குப் போக, நடுவில் உள்ள இரண்டையும் மிதித்துக் கடக்க வேண்டும். சோலோ வரும் நேரத்தில் அது நடக்காத காரியம். குறைந்தது நான்கு ஸ்விட்சாவது வேண்டும், அல்லது வெளியே கூடுதல் ஸ்விட்ச் மாட்டும் சாக்கெட் வேண்டும்.

ஒரு பிரீசெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஒலி ஒரு கணம் அறுபடுகிறதா என்பது விவரத் தாளில் இருக்காது, காதால்தான் தெரியும். நீண்ட டிலே போட்டு ஒரு கார்டை அடித்துவிட்டு உடனே மாற்றிப் பாருங்கள். பழைய டிலேயின் வால் தேய்ந்து மறைந்தால் நல்லது, கத்தரித்தது போல நின்றால் மேடையில் அசிங்கமாக இருக்கும். இதைத் தவிர்க்க, ஒரே பிரீசெட்டுக்குள் எஃபெக்ட்களைக் கூட்டாக அணைத்து இயக்கும் வசதி சிலவற்றில் உண்டு. பாட் கோவில் அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர்.

வாவுக்கும் வால்யூமுக்கும் பாதத்தால் சாய்த்து இயக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் தேவையா என்பது உங்கள் பத்துப் பாட்டைப் பொறுத்தது. கூடவே வரும் மலிவுப் பெடல்கள் பலவற்றில் மிதிக்கும் பலகை குட்டையாக இருக்கும். பாதம் பெரியவர்களுக்கு அது தொல்லை.

ஐந்தாம் படி: மின்சாரம்

சலிப்பான விஷயம், ஆனாலும் படியுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 9 வோல்ட்டில், நடுமுனை நெகட்டிவாக இருக்கும் அடாப்டரில் ஓடும். எல்லாம் அல்ல. ஒரே அளவு முள் என்பதற்காக வீட்டில் கிடந்த ஏதோ ஓர் அடாப்டரைச் சொருகி, ஒரு டிலே பெடலை நானே சாகடித்திருக்கிறேன். வோல்ட், முனை, மில்லி ஆம்பியர் மூன்றையும் பெட்டியின் அடியில் பார்த்து ஒப்பிடுங்கள். சாதாரண பெடல் பவர் சப்ளையின் ஒரு துளை பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர்தான் தரும். மாடலர்கள் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் உடன் வருவது 3 ஆம்பியர் அடாப்டர்.

பயணத்தில் வாசிப்பவர்களுக்கு: பாஸ் ஜிடி-1, ஸூம் ஜி1 ஃபோர் இரண்டும் நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும்.

இனி, பெயர்கள்

மாடல்கள் அடிக்கடி மாறும், அதனால் வகைக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். ஆரம்பநிலையில், பழகுவதற்கு எளிது என்று நான் நினைப்பவை ஸூம் ஜி1எக்ஸ் ஃபோர், பாஸ் ஜிடி-1. இரண்டிலும் எக்ஸ்பிரஷன் பெடல் உண்டு, இரண்டிலும் வெளி ஐஆர் ஏற்ற முடியாது. அதற்கு அடுத்த படியில் நக்ஸ் எம்ஜி-30, வேலட்டன் ஜிபி-200 ஆகியவை ஐஆர், சென்ட் ரிட்டர்ன், யூஎஸ்பி ஆடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கின்றன. ஒரு பெட்டியில் எல்லாம் வேண்டும், பெரிய செலவும் கூடாது என்பவருக்கு இந்த அடுக்கில் தேடச் சொல்வேன். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் பாட் கோ. அதே நிறுவனத்தின் உயர்நிலை ஹீலிக்ஸ் வரிசையில் உள்ள ஆம்ப் மாடல்கள் இதிலும் கிடைக்கின்றன.

கையில் ஏற்கெனவே நான்கைந்து பெடல் வைத்திருப்பவர் பெரிய பெட்டியைத் தேடவே வேண்டாம். வரிசையின் கடைசியில் ஆம்புக்குப் பதிலாக டோனெக்ஸ் ஒன் போன்ற ஒரு சிறு பெடலைப் போட்டால் வேலை முடிந்தது.

கடையில் இருபது நிமிடம்

உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் முதல் பிரீசெட்டில் ரிவெர்பும் டிலேயும் பொங்கி வழியும். அசத்துவதற்கென்றே செய்தது அது. காலியான பிரீசெட் ஒன்றைத் திறந்து, ஓர் ஆம்ப், ஒரு கேப், வேறொன்றும் இல்லாமல் வையுங்கள். ஈக்யூ எல்லாம் நடுவில்.

கெய்னைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். கிட்டாரின் வால்யூம் 10-ல் ஒரு கார்டு. பிறகு 7, பிறகு 4. நல்ல மாடலில் டிஸ்டார்ஷன் படிப்படியாகத் தெளிந்து ஏறக்குறைய கிளீனாகும். மோசமானதில் சத்தம் மட்டும் குறையும், அழுக்கு அப்படியே இருக்கும். அடுத்து, ஒரே நோட்டை முதலில் மெதுவாகவும் பிறகு ஓங்கியும் அடியுங்கள். இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் விரல் சொல்வதைப் பெட்டி காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக, ஒரு நோட்டைப் பிடித்து அது தானாகத் தேயும்வரை காத்திருங்கள். கடைசி மூச்சில் கரகரவென்று உடைந்து திடீரென்று நின்றால், நாய்ஸ் கேட் (சத்தம் தணிந்ததும் ஒலியை அடைத்துவிடும் வசதி) இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அதை அணைத்த பிறகும் அப்படியே இருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

மீதி நேரத்தில் கையேட்டைப் பார்க்காமல் ஒரு டிலேயைச் சேர்த்து, அதன் வேகத்தை மாற்றிச் சேமிக்க முயலுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் வீட்டிலும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

பழைய பெட்டி வாங்கினால்

மாடலர்கள் சீக்கிரம் மதிப்பிழக்கும், அது வாங்குபவருக்கு லாபம். எல்லா ஃபுட்ஸ்விட்சையும் பத்துப் பத்துத் தடவை மிதியுங்கள். ஒரே மிதியில் இரண்டு தடவை தாவினால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. ஜாக்கில் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். எக்ஸ்பிரஷன் பெடலை மேலும் கீழும் அசைத்து, திரையில் எண் 0 முதல் 100 வரை குதிக்காமல் போகிறதா என்று கவனியுங்கள். அசல் அடாப்டர் கூடவே வருகிறதா, மென்பொருள் உரிமம் இருந்தால் உங்கள் பெயருக்கு மாறுமா என்று காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள். நிறுவனம் அந்த மாடலுக்கான கணினி மென்பொருளை இன்னும் புதுப்பிக்கிறதா என்பதும் முக்கியம். உங்கள் கணினியில் அது ஓடவில்லை என்றால் ஐஆர்கூட ஏற்ற முடியாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

வெளியீட்டு செட்டிங்கைத் தேடி, முதல் படியில் முடிவு செய்ததற்கு ஏற்ப வையுங்கள். பிறகு உங்கள் நான்கு ஒலிகளைக் காலியிலிருந்து நீங்களே கட்டுங்கள். கெய்னை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறையுங்கள். கடைசியில் ஓர் ஈக்யூ வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். ஹெட்ஃபோனில் சற்று ஒல்லியாகத் தோன்றும். பேண்டில் அதுதான் எடுபடும்.

வாசிக்கப்போகும் சத்த அளவிலேயே பிரீசெட்டைத் திருத்துங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியையும் உச்சத் தொனியையும் குறைத்தே கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் ராத்திரி மெதுவாக வைத்துத் திருத்தும்போது இரண்டையும் ஏற்றிவிடுவோம். மேடையில் சத்தம் கூடியதும் ஒரு பக்கம் இடி இடிக்கும், இன்னொரு பக்கம் காதைக் கிழிக்கும், நடுத்தொனி மட்டும் காணாமல் போயிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் பிரீசெட்களைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். குறிப்பாக ஃபிர்ம்வேர் புதுப்பிப்பதற்கு முன். ஒரு தடவை நான் சோம்பலில் எடுக்காமல் விட்டேன். புதுப்பித்து முடித்துப் பெட்டி மறுபடி எழுந்தபோது, இரண்டு மாதம் செதுக்கிய இடத்தில் தொழிற்சாலை பிரீசெட்கள் ரிவெர்ப் வழிய வழிய உட்கார்ந்திருந்தன.